வீட்டை வாடகைக்கு விடுவோரின் கேள்விகள்: வாங்கும் நாள் முதல் சாவி திரும்ப வரும் நாள் வரை

சென்னையிலும் புறநகரிலும் ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விடுபவர்களுக்காக எழுதியது. சட்டம் பற்றிச் சொல்வது தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும். கணக்குகளில் வரும் தொகைகள் உதாரணங்கள்தான். உங்கள் தெருவின் விலையைப் போட்டு நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள்.

60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டால் கையில் எவ்வளவு நிற்கும்?

பெரும்பாலோர் செய்யும் கணக்கு இது: மாதம் 16,000 வாடகை, வருஷத்துக்கு 1,92,000, 60 லட்சத்துக்கு 3.2 சதவீதம். இதில் இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது.

முதலில் போட்ட பணம் 60 லட்சம் அல்ல. தமிழ்நாட்டில் மறுவிற்பனை ஃபிளாட்டின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 5,40,000. வக்கீல் பார்வை, வங்கிச் செலவு, அலமாரி, கொசுவலை, விளக்கு, மின்விசிறி என்று இன்னொரு 1,60,000 போகும். மொத்தம் 67 லட்சம்.

வரவு 1,92,000 என்பதும் நிலைக்காது. ஒரு குடித்தனம் காலி செய்து அடுத்தது வருவதற்குள் வெள்ளையடிப்பு, சில்லறை வேலை, வீடு பார்க்க வருகிறவர்கள் என்று ஒரு மாதம் சும்மா கிடக்கும். வருஷத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் 1,76,000. சொத்து வரி 6,000. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 40,000-க்குப் பெயின்ட் அடித்தால் வருஷப் பங்கு 13,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் பங்கு 12,000. மிச்சம் 1,45,000. போட்ட 67 லட்சத்துக்கு 2.2 சதவீதம்கூட வரவில்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா? நிலத்தின் மதிப்பு ஏறும் என்ற நம்பிக்கையில்தான் இங்கே வீடு வாங்கப்படுகிறது. வாடகை அந்தக் காத்திருப்புக்குத் துணை. அப்படித் தெரிந்து வாங்கினால் சரி. மாத வருமானத்துக்காகவே வாங்குகிறவர், குறிப்பாக ஓய்வுபெற்ற பணத்தைப் போடுகிறவர், இந்த 2.2-ஐ வங்கி வைப்பு வட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

வாடகையை வைத்தே இஎம்ஐ கட்டிவிடலாம் என்கிறார்களே?

45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 39,050. வாடகை 16,000. மீதி 23,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும், வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழு 39,050-உம் போகும். குறைந்தது ஆறு மாத இஎம்ஐயைத் தனியாக எடுத்து வைக்காமல் இதில் இறங்க வேண்டாம். குடித்தனக்காரர் கொடுத்த அட்வான்ஸ் அந்தக் கையிருப்பில் சேராது. அது திருப்பித் தர வேண்டிய பணம்.

வாடகைக்கு விட எந்த மாதிரி வீடு தோதுப்படும்?

தண்ணீரைப் பாருங்கள். சென்னையில் குடித்தனம் நிலைப்பதும் ஓடுவதும் அதில்தான். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, தினமும் வருகிறதா, போர்வெல் எத்தனை அடி, மே மாதத்தில் அது என்ன ஆகிறது, லாரித் தண்ணீர் வாங்கினால் செலவைக் குடியிருப்போர் சங்கம் எப்படிப் பிரிக்கிறது என்று அதே கட்டடத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல. குளியலறைக் குழாயின் குரோம் பூச்சு அரித்துப் புள்ளி புள்ளியாக இருந்தால், ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவு அடைத்திருந்தால், அது கடின நீர். கெய்சர் காயில் அடிக்கடி போகும், ஒவ்வொரு முறையும் உங்களுக்குத்தான் போன் வரும்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது. அந்த இரண்டு தேதிகளையும் சொல்லி "இந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் இடுப்பளவா முழங்காலளவா என்று சொல்லிவிடுவார். ஈபி மீட்டர் பெட்டி அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் வயதானவர்கள் உள்ள குடும்பம் வராது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் கோடையில் சூடும் மழையில் ஒழுக்கும் சேர்ந்து வரும்.

11 மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டால் பதிவு வேண்டாம்தானே?

இது பாதி உண்மை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் வேறு சட்டம் நடப்பில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த, உரிமையாளர்–வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி வாடகை எதுவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், எழுதி 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இதில் விலக்கு இல்லை.

பதிவை இதற்கான அரசு இணையதளத்திலேயே செய்யலாம். இரு தரப்பின் ஆதார், பான், புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கிடைக்கும் பதிவு எண்ணை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். தகராறு வந்து வாடகை நீதிமன்றப் படியேறும்போது முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். "நல்ல மனுஷங்க, எதுக்கு இதெல்லாம்" என்று விட்டவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள்.

ஒப்பந்தத்தில் கடையில் கிடைக்கும் அச்சடித்த வாசகம் போதாதா?

போதாது. அதில் வாடகை, அட்வான்ஸ், தேதி மட்டும்தான் ஒழுங்காக இருக்கும். சண்டை வருவது வேறு இடங்களில். பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது, லாரித் தண்ணீர்ச் செலவு அதில் அடங்குமா, எத்தனை வண்டி நிறுத்தலாம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, ஆறு மாதத்துக்குள் கிளம்பினால் என்ன, புதுப்பிக்கும்போது எத்தனை சதவீத உயர்வு, வாடகை தாமதமானால் வட்டி எவ்வளவு, வெள்ளையடிப்புக்குப் பிடித்தமா இல்லையா, உள்வாடகை கூடாது என்பது. இவ்வளவையும் பச்சையாக எழுதுங்கள்.

பொருள்களின் பட்டியலைத் தனி இணைப்பாக வைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். "மின்விசிறி 4" என்று எழுதினால் போதாது. எந்த அறையில், எந்தக் கம்பெனி, ரெகுலேட்டர் ஓடுகிறதா என்று இருக்க வேண்டும். சாவி எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். ஈபி மீட்டர் அளவை அன்றைக்கே போட்டோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைத் தரை, சிங்க் அடிப்பக்கம், ஜன்னல் கண்ணாடி, கதவு நிலையின் அடிப்பாகம் எல்லாம் தெரிய ஒரு பத்து நிமிஷ வீடியோ எடுத்தால் இரண்டு வருஷம் கழித்து வரும் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பத்து மாத அட்வான்ஸ் வாங்கலாமா?

சென்னையின் பழைய வழக்கம் அது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். வீடு காலியாகி ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்று மாதத்தோடு நிறுத்துவதே நல்லது என்பது எங்கள் கருத்து. பத்து மாதப் பணம் வந்தால் அது கல்யாணத்துக்கோ கடனுக்கோ போய்விடும். பிறகு "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுத்ததும் தருகிறேன்" என்று சொல்ல நேரும். காலி செய்கிறவர் அந்தப் பணத்தை நம்பித்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் பேசியிருப்பார். அவரைத் தெருவில் நிறுத்துவது பெரும் அநியாயம்.

குடித்தனக்காரரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வாடகை அவருடைய மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலக அடையாள அட்டை, முந்தைய வீட்டு உரிமையாளரின் எண் கேளுங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரைவிட அதற்கு முந்தையவர் சொல்வது நம்பகமானது. ஆளை அனுப்பிவிட நினைக்கும் இப்போதையவர் புகழத்தான் செய்வார். வாடகைதாரர் விவரப் படிவத்தை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

சாதி, மதம், சாப்பாடு பார்த்து வடிகட்டுவது தவறு. அது உங்கள் வீட்டை மாதக்கணக்கில் காலியாகவும் வைக்கும். வாடகை ஒழுங்காக வருவதற்கும் அடுப்பில் மீன் கொதிப்பதற்கும் தொடர்பில்லை.

மேலே நாங்கள், கீழே குடித்தனம். ஒரே ஈபி சர்வீஸ், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறோம். சரியா?

இரு தரப்புக்குமே நஷ்டம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டு குடும்பமும் தலா 300 யூனிட் ஓட்டினால், தனித்தனி சர்வீஸில் வரும் இரண்டு பில்லையும் சேர்த்தால் ஆகும் தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரே சர்வீஸில் 600 யூனிட்டாக வரும்போது ஆகும். தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள். செலவு ஒருமுறைதான்.

சர்வீஸ் உங்கள் பெயரில் இருந்தால், குடித்தனக்காரர் கட்டாமல் போன பில்லும் உங்கள் தலையில்தான். பில் தகவல் உங்கள் போனுக்கும் வரும்படி எண்ணைப் பதிந்து வையுங்கள்.

எந்த ரிப்பேர் யாருடையது?

சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டட அமைப்பு ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர் பைப்புகளை மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. வாஷர், திறந்து மூடும் குழாய் (டேப்) மாற்றுவது, சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின், கெய்சர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ரிப்பேர் பார்க்கப் போவதானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாற்றுச் சாவி இருக்கிறது என்று திறந்துகொண்டு நுழையக் கூடாது.

அட்டவணை எப்படி இருந்தாலும், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, எர்த் இரண்டையும் குடிவைக்கும் முன் உங்கள் செலவில் சரிபாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். கெய்சர் உள்ள குளியலறையில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

குளியலறைக் கூரையில் ஈரம், பெயின்ட் உப்பி உரிகிறது. மேல் வீட்டுக்காரர் "எங்களிடம் ஒன்றுமில்லை" என்கிறார். என்ன செய்வது?

முதலில் சொட்டும் நேரத்தைக் கவனியுங்கள். யாரும் குளிக்காத நேரத்திலும் இரவிலும் விடாமல் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயில் கசிவு. குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரையோ கழிவுக்குழாய் இணைப்போ.

இரண்டாவது வகையென்றால் மேல் வீட்டாரின் ஒப்புதலோடு நீர்தேக்கிப் பாருங்கள். தரைத் தண்ணீர் இறங்கும் நாணி ட்ராப்பின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, அதில் சொட்டு நீலம் கலந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே நீலமாக இறங்கினால் பேச்சுக்கே இடமில்லை, தரை கசிகிறது. நீலம் வராமல், அடைப்பை எடுத்துவிட்ட பிறகு கீழே நீலம் கண்டால் கோளாறு ட்ராப்புக்குக் கீழே உள்ள குழாய் இணைப்பில்.

பெரும்பாலும் பழுது ட்ராப்பைச் சுற்றியே இருக்கும்; பிளாஸ்டிக் குழாயும் கான்கிரீட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி மயிரிழை வழிவிடும். ட்ராப்பைச் சுற்றி ஓரடிக்கு டைலை எடுத்து, பழைய கலவையைச் சுரண்டி, சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்றி, அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரிலும் ஓரடி ஏற்ற வேண்டும். டைல் ஒட்டுவதற்கு முன் மறுபடி 24 மணி நேரம் நீர் தேக்குங்கள். மேஸ்திரிகள் அவசரத்தில் விட்டுவிடும் கட்டம் இதுதான், நீங்கள் விடாதீர்கள். டைல் இடுக்கில் எபாக்ஸி மட்டும் தேய்ப்பது சில மாதம் தாங்கும், பிறகு அதே இடத்தில் அதே ஈரம். கீழ்க் கூரைக்கு, நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

மொட்டைமாடி ஒழுக்குக்குச் செப்டம்பரிலேயே ஆளை விட்டு மழைநீர்க் குழாயின் வாயை அடைக்கும் இலை, மண்ணை அள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். தேங்கும் தண்ணீர்தான் தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்குகிறது.

இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அவசிய வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் தடுக்கிறது. துண்டித்தால் அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அவர் பக்கம் போய்விடும். பூட்டுப் போடுவதும் ஆள் வைத்து மிரட்டுவதும் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும்.

முதல் மாதம் தாமதமானதுமே நேரில் பேசுங்கள். வேலை போயிருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி வையுங்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்ததும் தொகை, மாதம், வட்டி எல்லாம் குறிப்பிட்டு ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ். கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரி மனு. பணத்தைக் கையில் வாங்கி ரசீது தராமல் இருந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்று நிரூபிக்க முடியாது. முதல் நாளிலிருந்தே வாடகையை வங்கி வழியாக வாங்குங்கள்.

12 வருஷம் குடியிருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் வாடகைதாரராக எத்தனை வருஷம் இருந்தாலும் எதிரிடை அனுபவம் (நீண்டகால அனுபவத்தைக் காட்டிச் சொந்தம் கொண்டாடுவது) கோர முடியாது. ஆபத்து வேறு இடத்தில்: ஒப்பந்தமோ ரசீதோ இல்லாமல் தெரிந்தவரைக் காவலுக்குக் குடிவைத்த வீடு, வருஷக்கணக்காகப் போய்ப் பார்க்காத காலி மனை. காகிதம் இருந்தால் பயம் வேண்டாம்.

மாத வாடகை வேண்டாம், 8 லட்சம் லீஸாகத் தருகிறேன் என்கிறார்கள்.

வட்டியில்லாக் கடன் மாதிரி இனிக்கும், ஆனால் மூன்று வருஷம் கழித்து 8 லட்சத்தை ஒரே தவணையில் திருப்ப வேண்டும். அதுவரை அவர் காலி செய்ய மாட்டார், அதில் தப்பும் இல்லை. வங்கிக் கடன் ஓடும் வீட்டை ஒத்திக்கு (வாங்கிய பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது) விட வங்கியின் சம்மதம் இல்லாமல் முடியாது. உண்மையிலேயே ஒத்தி என்றால் அதைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும்; வெறும் பத்திரத்தாளில் எழுதிக்கொண்ட ஒத்தி இரு தரப்பையும் காப்பாற்றாது. பணம் கையில் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லாதவர் இதைத் தொட வேண்டாம்.

வருமான வரி எப்படிக் கணக்கிடுவது?

மேலே போட்ட உதாரணத்தையே எடுப்போம். வந்த வாடகை 1,76,000. அந்த வருஷத்தில் நீங்கள் உண்மையில் கட்டிய சொத்து வரி 6,000 கழித்தால் 1,70,000. அதில் 30 சதவீதம், 51,000, பில் எதுவும் கேட்காமல் கழிவு. பெயின்டும் பிளம்பரும் இதற்குள்ளேயே அடக்கம், தனியாகக் கழிக்க முடியாது. மிச்சம் 1,19,000. முதல் வருஷக் கடன் வட்டி சுமார் 3,79,000 கழித்தால் 2,60,000 நஷ்டம்.

பழைய வரிமுறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு ஈடுகட்டலாம், மீதி 60,000-ஐ எட்டு வருஷம் வரை வீட்டு வருமானத்துக்கு எதிராகக் கொண்டுபோகலாம். புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது. "வீட்டுக் கடன் எடுத்தால் வரி மிச்சம்" என்று பத்து வருஷத்துக்கு முந்தைய பேச்சை நம்பி இன்று வாங்குகிறவர்கள் இந்த ஒரு விதியில் ஏமாறுகிறார்கள்.

சென்னை மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், வீடு சென்னையில். தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. உரிமையாளர் என்ஆர்ஐ என்றால் வாடகை எவ்வளவு சிறிய தொகையானாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும், பொதுவாக 31.2 சதவீதம். உள்ளூர் உரிமையாளருக்கு மாதம் 50,000-க்கு மேல் போனால்தான் 2 சதவீதப் பிடித்தம் வருகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் முழு வாடகையை அனுப்பிவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்குவது குடித்தனக்காரர்தான், அதனால் பேசும்போதே சொல்லிவிடுங்கள். கூடுதலாகப் பிடித்த வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

வீட்டைக் கவனிக்க உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். "வாடகைக்கு விட, வசூலிக்க, வழக்காட" என்ற அளவோடு அதிகாரத்தை நிறுத்துங்கள். விற்கும் அதிகாரம் அதில் வேண்டாம்.

காலி செய்யும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

சாமான் ஏற்றிய பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். பழைய வீடியோவைப் போனில் ஓடவிட்டுக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். ஆணித் துளை, மங்கிய பெயின்ட், தேய்ந்த குழாய் எல்லாம் குடியிருந்த தேய்மானம். இதற்கு அட்வான்ஸில் கை வைப்பது நியாயமில்லை. உடைந்த வாஷ்பேசின், கருகிய மேடைக் கல், கழற்றிப்போன மின்விசிறி ஆகியவற்றுக்குப் பில் காட்டிப் பிடியுங்கள். சென்னையில் ஒரு மாத வாடகையை வெள்ளையடிப்புக்கென்று பிடிப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் பிடியுங்கள்.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, ஃப்ளஷை இரண்டு முறை அழுத்தி, பத்து நிமிஷம் கழித்து சிங்க் அடியில் கையால் தடவிப் பாருங்கள். சமையல் எரிவாயு, இணையம், சங்க பாக்கி முடிந்ததா என்று கேளுங்கள். ஈபி பில் அடுத்த மாதம்தான் வரும் என்பதால் மீட்டர் அளவைப் படமெடுத்து, ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு அங்கேயே கழித்து, மீதியை வங்கியில் அனுப்புங்கள். சாவியை எண்ணி வாங்கி, வீடு ஒப்படைக்கப்பட்ட தேதியையும் திருப்பிய தொகையையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த குடித்தனம் வருமுன் வாசல் பூட்டின் சிலிண்டரை மாற்றிவிடுங்கள்.